சீக்கிரம் படுக்காதீங்க, ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க: தூக்கத்தை சரி பண்ண முழு வழிகாட்டி

"சீக்கிரம் படுத்துத் தூங்குப்பா"ன்னு சொல்றது ஈஸி. தூக்கம் வராதவன் 10 மணிக்கே போய் படுத்துட்டு 2 மணி வரைக்கும் ஃபேனைப் பாத்துக்கிட்டு கிடக்கிறதுக்குப் பாதி காரணமே அந்த அட்வைஸ்தான். நாம கை வைக்க முடியறது எழுந்திரிக்கிற நேரத்துலதான், படுத்தவுடனே தூக்கம் வரணும்னு யாரும் ஆர்டர் போட முடியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுத்திதான் போகும். மாசக்கணக்கா சரியா தூங்காம, பகல்ல எரிச்சலும் மறதியுமா ஓட்டிக்கிட்டு இருக்கிற பெரியவங்களுக்காக எழுதினது இது, நைட் ஷிஃப்ட்காரங்களுக்கும் டாக்டர்கிட்ட போக வேண்டியவங்களுக்கும் கீழ தனியா இருக்கு.

தூங்காட்டி மண்டைக்குள்ள என்ன ஆகுது

பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேரம் வேணும், 13ல இருந்து 18 வயசுப் பசங்களுக்கு 8ல இருந்து 10 மணி நேரம். இதைச் சொன்னதும் "நான் 6 மணி நேரம்தான் சார் தூங்குறேன், நல்லாத்தான் இருக்கேன்"ன்னு ஒருத்தர் கை தூக்குவாரு. அவருக்குத்தான் முதல்ல இதைச் சொல்லணும். அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க 2003ல ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க, 14 நாள் தொடர்ச்சியா ஒரு குரூப்புக்கு 8 மணி நேரம், ஒரு குரூப்புக்கு 6, இன்னொன்னுக்கு 4ன்னு தூக்கத்தைப் பிரிச்சுக் கொடுத்து, பகல்ல கவனத்தை டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருந்தாங்க, ஸ்கிரீன்ல சிக்னல் வந்ததும் பட்டனை அழுத்தணும், அவ்வளவுதான் டெஸ்ட். 6 மணி நேரமும் அதுக்குக் குறைவாவும் தூங்கினவங்க ரெண்டு வாரக் கடைசியில, ஒண்ணு ரெண்டு ராத்திரி கண்ணே மூடாதவங்க அளவுக்கு சொதப்புனாங்க. ஆனா "எவ்வளவு தூக்கக் கலக்கமா இருக்கு"ன்னு கேட்டா, முதல் சில நாளுக்கு அப்புறம் "பெருசா ஒண்ணுமில்ல"ங்கிற மாதிரிதான் பதில். மூளை மந்தமானது மூளைக்கே தெரியல. அதனால "நான் நல்லாத்தான் இருக்கேன்"ங்கிறதை ஒரு ஆதாரமா எடுத்துக்கவே முடியாது.

வண்டி ஓட்டுறவங்க இதையும் பாத்துக்கோங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவன் அளவுக்கு கையும் கண்ணும் தடுமாறும்னு 1997ல ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டு சட்டத்துல குடிச்சிட்டு ஓட்டுறதுக்கான எல்லையே 0.03தான். காலைல 5 மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவன் ராத்திரி 10 மணிக்கு பைக்ல திரும்பி வர்றப்ப எந்த நிலைமையில இருக்கான்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, ஊதச் சொன்னா மெஷின்ல ஒண்ணும் காட்டாது, அது ஒண்ணுதான் வித்தியாசம். 60 கிலோமீட்டர் வேகத்துல 3 செகண்ட் கண்ணு சொக்கினா வண்டி 50 மீட்டர் தானா போயிருக்கும்.

அடுத்தது கோபம். மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி, பயம் கோபம் எல்லாம் கிளம்புற இடம். நெத்திக்குப் பின்னாடி இருக்கிற முன்மூளை அதை அடக்கி வெக்குது. ஒரு ராத்திரி முழுசா தூங்காதவங்களுக்கு மோசமான படங்களைக் காட்டி 2007ல ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப, தூங்கினவங்களைவிட 60 சதவீதம் அதிகமா இந்த அமிக்டலா துள்ளுச்சு, முன்மூளையோட தொடர்பும் தளர்ந்திருந்துச்சு. பிரேக் பிடிக்காத வண்டிதான் அது. சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மின்னு வீட்டுல வர்ற பெரிய சண்டை எல்லாம் நிஜத்துல உப்புக்காக இல்ல.

ஞாபகத்தை எடுத்துக்கிட்டா, ராத்திரியோட முதல் பாதியில ஆழ்ந்த தூக்கம் ஜாஸ்தி, விடியக்காலைப் பக்கம் கனவுத் தூக்கம் ஜாஸ்தி, சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு போகும். பகல்ல படிச்சது நிலைக்கிறதுக்கு இந்த வேலை நடக்கணும். பரிட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பூரா முழிச்சுப் படிக்கிற பையன், படிச்சதைப் பதிய விடாமலேயே ஹாலுக்குப் போறான்.

என் மச்சான் ஒருத்தன் ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறான். மாசம் 20ம் தேதி நெருங்கினா தூக்கம் போயிடும். அந்த நாள்ல 9,540ஐ 9,450ன்னு அடிச்சு வெச்சிட்டு, டேலி ஆகலன்னு ஒரு மணி நேரம் தேடுவான். வித்தியாசம் 9ஆல வகுபட்டா நம்பர் இடம் மாறியிருக்குன்னு அர்த்தம், அந்த வேலையில இருக்கிற சின்னப் பையனுக்குக்கூட தெரியும், அது அவனுக்கு அந்த நேரத்துல ஞாபகத்துக்கே வராது. தூக்கத்தைக் குறைச்சு வேலை பாத்து மிச்சம் பண்ற நேரம் இப்படித்தான் போகுது.

தூக்கம் எப்படி வருது, சுருக்கமா

ரெண்டு விஷயம் சேர்ந்தாத்தான் தூக்கம் வரும். ஒண்ணு, முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துக்கிட்டே போகும், அது ஏற ஏற தூக்கம் தள்ளும். இன்னொண்ணு, உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம், வெளிச்சத்தைப் பாத்து தன்னை செட் பண்ணிக்கும். இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங்னு மூணு பேருக்கு 2017ல நோபல் பரிசு கொடுத்தாங்க. காலைல 9 மணி வரைக்கும் தூங்கிட்டு ராத்திரி 10 மணிக்குப் படுத்தா அடினோசின் போதுமான அளவு சேர்ந்திருக்காது, கடிகாரமும் இன்னும் ராத்திரி ஆகலன்னு சொல்லும், அப்புறம் தூக்கம் எங்க இருந்து வரும்?

1. முதல்ல எழுதுங்க

எதையும் மாத்தாம ஒரு ரெண்டு வாரம் காலைல எழுந்ததும் ஒரு நோட்டுல எழுதுங்க: எத்தனை மணிக்குப் படுத்தீங்க, தூக்கம் வர சுமாரா எவ்வளவு நேரம் ஆச்சு, நடுவுல எத்தனை தடவை முழிப்பு, எப்ப எழுந்தீங்க, பகல்ல தூங்குனீங்களா, கடைசி டீ எப்ப. எல்லாம் உத்தேசமா போதும், இதுக்காக ராத்திரி மணி பாக்கக் கூடாது. வாட்ச்ல வர்ற ஸ்லீப் ஸ்கோரை நம்பாதீங்க, 62ன்னு காட்டிச்சுன்னா நல்லா தூங்கினவனுக்கும் அன்னைக்கு முழுக்க சோர்வா இருக்கும்.

2. எழுந்திரிக்கிற நேரத்தை ஆணி அடிச்ச மாதிரி வைங்க

6 மணின்னா 6 மணி. ஞாயித்துக்கிழமையும் 6 மணி, முந்தின நாள் கல்யாண வீட்டுல இருந்து 1 மணிக்கு வந்தாலும் 6 மணி, ரொம்ப முடியலன்னா அரை மணி நேரம் தள்ளிக்கலாம் அதுக்கு மேல வேணாம். இதுதான் இருக்கிறதுலயே கஷ்டம், இதுக்குத்தான் பலனும் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை 10 மணி வரைக்கும் தூங்கினா அன்னைக்கு ராத்திரி 1 மணி வரைக்கும் தூக்கம் வராது, திங்கக்கிழமை காலைல பொணம் மாதிரி ஆபீஸ் போவீங்க, அப்புறம் அதை சரிக்கட்ட மறுபடியும் அடுத்த ஞாயிறு.

எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாங்க. மொட்டை மாடி, வாசல், பால் வாங்க நடந்து போறது, எதுவா இருந்தாலும் ஒரு 20 நிமிஷம் வெளியில. மேகமா இருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிட பல மடங்கு. அலாரத்தை ஸ்னூஸ் போட்டுப் போட்டுத் தூங்குற அந்த துண்டு துண்டு தூக்கத்துல ஒரு பிரயோஜனமும் இல்ல, போனை எட்டாத இடத்துல வைங்க.

3. டீ காபி

காஃபின் என்ன பண்ணுதுன்னா அடினோசின் உக்கார வேண்டிய இடத்துல தான் போய் உக்காந்துக்கும், அதனாலதான் சோர்வு தெரியாது. குடிச்சதுல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. சாயங்காலம் 6 மணி டீ 11 மணிக்கும் பாதி உள்ள இருக்கு. "நான் காபி குடிச்சிட்டுக் கூட தூங்கிடுவேன்"ங்கிறவங்க தூங்கத்தான் செய்வாங்க, ஆழம்தான் குறையும். நம்ம ஊர்ல சாயங்கால டீயை நிறுத்தச் சொல்றது நடக்கிற காரியம் இல்ல, அது வெறும் டீ இல்ல, வடை, பேச்சு எல்லாம் சேர்ந்தது. மூணு மணிக்கு முன்னாடி தள்ளிக்கோங்க, அதுக்கு மேலன்னா சுக்கு மல்லி காபி, பால், மோர். கிரீன் டீயிலயும் காஃபின் உண்டு, கோலாவுலயும் உண்டு.

சரக்கு போட்டா நல்லா தூக்கம் வருதுன்னு சொல்றவங்களுக்கு: சீக்கிரம் தூக்கம் வர்றது உண்மை, 3 மணிக்கு நாக்கு வறண்டு முழிப்பு வர்றதும் அதனாலதான். குறட்டையும் ஏறும்.

4. பகல் தூக்கம்

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு, மதியம் கண்ணு சொக்குறது இயற்கை. ராத்திரி நல்லா தூங்குறவங்க 20 நிமிஷம், 3 மணிக்கு முன்னாடி, தாராளமா போடலாம். ராத்திரி தூக்கம் வராதவங்க கொஞ்ச நாளைக்கு அதை விட்டுடுங்க. இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு, ராத்திரி 8.30 மணிக்கு சீரியல் ஓட ஓட சோஃபாவுல சாஞ்சுக்கிட்டே தூங்குறது. அந்த அரை மணி நேரம் தூங்கிட்டு 10.30க்கு கட்டில்ல போய் படுத்தா கண்ணு கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும். வீட்டுல பெரியவங்க "எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல"ன்னு சொன்னா முதல்ல இதைத்தான் பாக்கணும்.

5. படுக்கிறதுக்கு முன்னாடி

சாப்பாட்டை ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி முடிங்க, லேட்டாச்சுன்னா பரோட்டாவை விட்டுட்டு இட்லி. படுக்கிறதுக்கு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி இளஞ்சூட்டுத் தண்ணியில குளிச்சா தோலுக்கு ரத்தம் வந்து உள் உடம்பு சூடு வெளியேறும், சூடு இறங்கினாத்தான் தூக்கம் வரும். மே மாசத்துல டேங்க் தண்ணியே கொதிக்கும், ஹீட்டர் தேவையில்ல.

போன் விஷயத்துல வெளிச்சத்தைவிட உள்ளடக்கம்தான் பிரச்சனைன்னு எனக்குத் தோணுது. நைட் மோட் போட்டு ஸ்கிரீனை மஞ்சளாக்கிட்டு ஆபீஸ் குரூப்ல மேனேஜர் போட்ட மெசேஜைப் படிச்சா என்ன பிரயோஜனம். ரீல்ஸ் முடியவே முடியாது, அதுக்கு முடிவுன்னு ஒண்ணு இல்லாமத்தான் செஞ்சிருக்காங்க. போன் ஹால்ல சார்ஜ் ஆகட்டும், அலாரத்துக்கு 200 ரூபா டைம்பீஸ் போதும்.

கவலைக்கு ஒரு வழி இருக்கு. 2018ல பேய்லர் யுனிவர்சிட்டியில செஞ்சது, படுக்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் அடுத்த நாள்ல செய்ய வேண்டியதை எழுதினவங்க, செஞ்சு முடிச்சதை எழுதினவங்களைவிட சுமார் 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க. விவரமா எழுதணும். "பேங்க் வேலை"ன்னு எழுதாதீங்க, "காலைல 10.30க்கு போய் நகைக் கடன் வட்டி கட்டணும், ரசீதும் ஆதார் ஜெராக்ஸும் எடுத்துட்டுப் போகணும்"னு எழுதுங்க.

6. ரூம்

இருட்டு, காத்து, அமைதி. புஸ்தகத்துல 18 டிகிரின்னு போட்டிருப்பாங்க, சித்திரை வெயில்ல கான்கிரீட் கூரைக்குக் கீழ இருக்கிறவனுக்கு அது ஜோக். சாயங்காலம் மாடித் தரையில தண்ணி ஊத்துறது, ஜன்னலைத் திறந்து கொசுவலை அடிக்கிறது, மெத்தைக்குப் பதிலா கோரைப்பாய், இதெல்லாம் நடக்கிற விஷயம். கொசுவத்திப் புகையைவிட வலை நல்லது. கோயில் திருவிழா ஸ்பீக்கருக்கு காதுல வெக்கிற ஃபோம் பிளக் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும்.

7. படுக்கையில முழிச்சுக்கிட்டு கிடக்காதீங்க

இது 1972ல ரிச்சர்ட் பூட்சின்ங்கிறவர் கொண்டுவந்த முறை, இன்னைக்கு வரைக்கும் நிக்குது. மாசக்கணக்கா படுக்கையில கிடந்து கவலைப்பட்டா, மூளை படுக்கையைப் பாத்தாலே கவலைப்பட ஆரம்பிக்கும். அதான் சோஃபாவுல சொக்கிப் போன ஆளு கட்டிலுக்கு வந்ததும் முழிச்சிக்கிறாரு. இந்தப் பழக்கத்தை உடைக்கணும்.

தூக்கம் வந்து கண்ணு சொக்கினாத்தான் படுக்கணும், மணி 10 ஆச்சுன்னு படுக்கக் கூடாது. களைப்பு வேற தூக்கம் வேற, உடம்பு வலிச்சாலும் மண்டை ஓடிக்கிட்டு இருந்தா அது களைப்பு. படுத்து சுமார் 20 நிமிஷம் ஆச்சுன்னு தோணுச்சுன்னா எழுந்து வெளிய வந்துடுங்க. மங்கலான வெளிச்சத்துல போரான ஏதாவது ஒண்ணு, துணி மடிக்கிறது, பழைய வார இதழ் படிக்கிறது, கீரை ஆயுறது கூட ஓகே. டிவி, போன், ஃபிரிட்ஜ் மூணும் வேணாம். கண்ணு சொக்கினதும் மறுபடி போய் படுங்க. மறுபடி வரலையா, மறுபடி எழுந்திரிங்க. முதல் சில ராத்திரி இதுவே வேலையா இருக்கும், கடுப்பா இருக்கும், வீட்டுல "பேய் மாதிரி ஏன் சுத்திக்கிட்டு இருக்க"ன்னு கேப்பாங்க, முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

கடிகாரத்தைத் திருப்பி வெச்சிடுங்க. மச்சான் 2.40க்கு மணி பாத்து "இப்ப தூங்குனாகூட மூணேகால் மணி நேரம்தான்"னு கணக்குப் போடுவான், 3.10க்கு மறுபடி ஒரு கழித்தல். ராத்திரி கணக்குப் போட ஆரம்பிச்ச மூளை தூங்காது.

எல்லாரும் ஒரே ஹால்ல பாய் விரிச்சுப் படுக்கிற வீட்டுல "வேற ரூமுக்குப் போங்க"ங்கிறது நடக்காது. பாயை விட்டு எழுந்து அடுக்களையில ஒரு ஸ்டூல், வாசல் படி, எங்கயாவது உக்காந்தா போதும். பகல்ல அதே கட்டில்ல உக்காந்து லேப்டாப் பாக்கிறது, சாப்பிடுறது, சண்டை போடுறது எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒரே கட்டில்தான் உக்கார இடம்னா பகல்ல மேல ஒரு வேற விரிப்பு, ராத்திரி அதை எடுத்துட்டு தலகாணி.

8. படுக்கை நேரத்தைச் சுருக்குறது

மேல சொன்னதெல்லாம் ஒரு மூணு வாரம் ஒழுங்கா செஞ்சும் சரியாகலன்னா இது. கேக்க கிறுக்குத்தனமா இருக்கும்: தூக்கம் வராதவங்க படுக்கையில இருக்கிற நேரத்தைக் குறைக்கணும். நோட்டை எடுங்க. உதாரணத்துக்கு 10 மணிக்குப் படுத்து 6.30க்கு எழுந்திரிக்கிறீங்க, எட்டரை மணி நேரம் படுக்கையில, நிஜமா தூங்குறது சராசரியா அஞ்சரை. இனிமே அஞ்சரை மணி நேரம்தான் படுக்கை. காலைல 6 மணின்னா ராத்திரி 12.30 வரைக்கும் படுக்கவே கூடாது, எவ்வளவு சொக்கினாலும் சரி. முதல் வாரம் நரகம். ஆனா தூக்கத் தள்ளல் ஏறி, படுத்த பத்து நிமிஷத்துல தூங்கி, நடுவுல முழிப்பு குறைய ஆரம்பிக்கும். படுக்கையில இருக்கிற நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல தூங்குறீங்கன்னு ஒரு வாரம் நோட்டு சொன்னா 15 நிமிஷம் முன்னாடி படுங்க, அடுத்த வாரம் இன்னொரு 15. பகல்ல சுறுசுறுப்பா இருக்கிற இடம் வந்ததும் நிறுத்திக்கோங்க.

5 மணி நேரத்துக்குக் கீழ குறைக்கவே கூடாது. லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுறவங்க, மெஷின்ல நிக்கிறவங்க, வலிப்பு இருக்கிறவங்க, பைபோலார் (மனசு ஒரேயடியா துள்ளுறதும் ஒரேயடியா சோர்ந்து போறதுமா மாறி மாறி வர்ற மனநோய்) இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க, மூச்சு நின்னு நின்னு குறட்டை விடுறவங்க டாக்டர் இல்லாம இதைத் தொடவே கூடாது. 7ம் 8ம் சேர்ந்த இந்த மருத்துவ முறைக்கு சிபிடி-ஐன்னு பேரு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் கொடுக்கணும்னு அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒண்ணு 2016லயே சொல்லிடுச்சு.

நைட் ஷிஃப்ட்

காலைல 7க்கு வீட்டுக்கு வந்தா நேரா படுக்கை, ஜன்னலுக்கு கெட்டி கர்ட்டன், காலிங் பெல்லை அணைச்சு வெச்சு பால்காரருக்கு, கேஸ் ஆளுக்கு வேற நம்பர். ஷிஃப்ட்டோட கடைசி 6 மணி நேரத்துல காபி வேணாம். லீவு நாள்ல முழுசா பகல் ஆளா மாறாம, ராத்திரி ரெண்டு மூணு மணி வரைக்காவது முழிச்சிருந்தா உடம்பு அவ்வளவு ஆட்டம் காணாது. வாராவாரம் ஷிஃப்ட் மாத்துறாங்கன்னா, காலை, மதியம், இரவுன்னு முன்னோக்கி மாத்தச் சொல்லிக் கேளுங்க, பின்னோக்கிப் போறதைவிட உடம்பு அதைத் தாங்கும்.

எப்ப டாக்டர்

சத்தமா குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்திரிக்கிறது, காலைல தலைவலி, பிபி குறையவே மாட்டேங்குது: இது தூக்கத்துல மூச்சு அடைக்கிற வியாதியா இருக்கலாம், எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அசதி போகாது. கூட படுக்கிறவங்கதான் சாட்சி, அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலமானா கால்ல ஏதோ ஊர்ற மாதிரி இருந்து காலை ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் நிம்மதின்னா ரத்தத்துல இரும்புச்சத்தைப் பாக்கணும். தினம் 3 மணிக்கு முழிப்பு, எதுலயும் பிடிப்பு இல்ல, சாகலாமான்னு நினைப்பு வருதுன்னா அடுத்த மாசம் வரைக்கும் தள்ளாதீங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. தூக்கமின்மை நீடிக்கிறவங்களுக்கு பின்னாடி டிப்ரஷன் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதனால இதை சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க.

மாத்திரை: பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை நீங்க போடக் கூடாது, சளிக்கு வாங்கின மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுறதும் கூடாது, வயசானவங்களுக்கு அதனால ராத்திரி பாத்ரூம் போறப்ப தலை சுத்தி விழுந்து இடுப்பு உடையும். ஏற்கெனவே ரொம்ப நாளா அல்பிரசோலம், குளோனசிபாம் மாதிரி ஏதாவது போட்டுக்கிட்டு இருந்தா, இதைப் படிச்சிட்டு இன்னைக்கு ராத்திரியே தூக்கிப் போட்டுடாதீங்க. திடீர்னு நிறுத்தினா தூக்கம் முன்னாடியைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்பே வரும். எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயே போய் இந்த நோட்டையும் காட்டி, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கச் சொல்லுங்க, குறைச்சுக்கிட்டு வர்ற அந்த நாள்லயும் காலைல எழுந்திரிக்கிற நேரத்தை மாத்தாதீங்க.